புரட்டாசியில் வெட்டிய கொடிகள்

சண்முகநாதன் அண்ணைக்கு முந்திரிகையைப் பற்றித் தெரியாத ஒன்றில்லை. ரொறொன்ரோவில், பார்க்டேலில் எங்கள் கட்டடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாமல் புதிதாக யாராவது குடிவந்தால், லிஃப்ற் ஒன்பதாம் மாடிக்கு ஏறி முடிவதற்குள் அவரே சொல்லி முடித்துவிடுவார். இங்கே கிரேப்ஸ் என்று பொலித்தீன் பையில் போட்டு விற்கிற பழத்தைத்தான் நாங்கள் ஊரில் முந்திரிகை என்போம். உரும்பிராயில் அவருக்கு முந்நூறு கொடி நின்றது. ஒழுங்கை முழுவதும் வெங்காயமும் புகையிலையும் செய்துகொண்டிருக்க, இவர் பந்தல் போட்டுக் கொடி ஏற்றியவர். வருடத்தில் இரண்டு தரம் பழம் வெட்டியவர். இதைச் சொல்லும்போது இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். அந்த விரல்கள் அப்போது டவுன்ரவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி வெளிறிப் போயிருந்தன. கதையில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

அவருடைய மனைவி சந்திரவதனா அக்கா அவருக்கு நேர்மாறு என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை. அவரும் அதே அச்சுத்தான். அண்ணைக்கு முந்திரிகை, அக்காவுக்குப் பிரெஞ்சு. இருவரும் ரொறொன்ரோவுக்கு வருமுன் நாலு வருடம் பாரிசில் இருந்தவர்கள். போன்ஷூர், மெர்சி, சவா என்ற மூன்று சொல்லோடு அண்ணை அந்த நாலு வருடத்தையும் ஓட்டிவிட்டார். அக்கா ஹொட்டேல் அறைகள் துப்புரவாக்கிக்கொண்டே, மேற்பார்வைக்காரியோடு சண்டை பிடிக்கவென்று பிரெஞ்சு படித்தார். சண்டைக்குப் படித்த பாஷை லேசில் மறக்காது.

நான் யேசுரட்ணம். அவர்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தேன். விடியற்புறத்தில் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் இறக்குகிற வேலை. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது இருந்தபடியால்தான் எனக்கு இந்தக் கதையில் இடம் கிடைத்தது.

அவர்களுக்கு ஒரேயொரு பிள்ளை, துர்க்கா. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் முதலில் தாயும் தகப்பனும், ஆறு மாதத்தில் பிள்ளை என்று சொன்னான். ஆறு மாதம் ஆறு வருடமாயிற்று. பன்னிரண்டு வயதில் கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள். அக்கா கேட்கிற கேள்விகளில் பாதி பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறவையாகவே இருக்கும். சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வைச்சியா. அந்தப் பக்கத்தில் அவள் சிரிப்பது எனக்குக் கூடக் கேட்கும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம் முடிகிற நேரம் அக்கா நூலகத்தில் ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தார். ரொறொன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே ஒரு முந்திரிகைத் தோட்டத்துக்கு ஆள் தேவை. அன்றைக்கே தொலைபேசி எடுத்து, தன் கணவருக்கு இருபது வருட அனுபவம் என்று சொன்னார். எந்த நாட்டில் என்று அந்த மனிதர் கேட்டதற்கு, வந்து பார்த்தால் தெரியும் என்று பதில் சொன்னாராம். அடுத்த சனிக்கிழமை நான் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

தோட்டத்துச் சொந்தக்காரர் முசியே மார்சோ பிரான்சில் முந்திரிகைக்குப் பேர்போன பூர்கோன் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம், நீல வேலைச்சட்டை. தகப்பன் செத்தபிறகு சகோதரர்கள் காணியைப் பிரித்ததில் அவருடைய பங்கு நாலு வரிசைக் கொடிக்குச் சுருங்கிவிட்டது. கோபித்துக்கொண்டு நாலு வருடத்துக்கு முன் இங்கே வந்து, சோளம் விளைந்த ஒரு சரிவை வாங்கி, தகப்பன் வீட்டைப் போலவே கல்லால் ஒரு வீடு கட்டியிருந்தார். நீல யன்னற் கதவுகள், சரளைக்கல் போட்ட முற்றம், வாசலில் இரண்டு கற்றூண். அயலில் மாடு வளர்க்கிறவர்கள் எல்லாரும் இந்தக் குளிருக்கு முந்திரிகை வராது, குளிர் குறைந்த நயாகராவுக்குப் போ என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதர் காதில் வாங்கவில்லை. வேலிச் சண்டையில் நாட்டை விட்டு வந்தவர் என்று கேட்டதும் அண்ணைக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. உரும்பிராயில் இதே காரணத்தால் மூன்று குடும்பங்களோடு அண்ணைக்குக் கதைபேச்சு இல்லை.

சரிவில் நாற்பது வரிசை, வரிசைக்கு முப்பது கொடி. பந்தல் இல்லை. தூண் நட்டுக் கம்பி இழுத்து, கொடியை அதில் கட்டியிருந்தார்கள். உடுப்புக் காயப்போடுகிற கம்பி போல இருக்கிறது என்று அண்ணை சொன்னார். அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் ஒரு ரோசா நின்றது. சாமிக்கு வைத்திருக்கிறார்கள் என்று அண்ணை நினைத்தார். கொடியில் விழப்போகிற பூஞ்சணம் முதலில் ரோசாவில்தான் தெரியும், அது காவற்காரன் என்று மார்சோ விளங்கப்படுத்தினார். அண்ணை குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, கசக்கி, மணந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். “சரளை. தண்ணி நிக்காது. நல்லது,” என்றார். அக்கா அதைச் சொல்லி வாய் மூடமுன் மார்சோ கையை நீட்டிவிட்டார்.

அந்தக் கோடை முழுவதும் அண்ணை அங்கேதான். கொட்டிலோடு ஒட்டிய அறையில் கிழமை நாட்களில் படுக்கை. சனிக்கிழமை நான் அக்காவையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு போவேன். பாஷை தெரியாமல் இரண்டு பேரும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. போய்ப் பார்த்தால் விளங்கும். மார்சோ ஒரு தளிரைக் கிள்ளுவார், அண்ணை பக்கத்தில் இருக்கிற மற்றொன்றைக் காட்டித் தலையாட்டுவார், மார்சோ யோசித்துவிட்டு அதைக் கிள்ளுவார். கொத்து நெருக்கமாக இருந்தால் அண்ணை சின்னக் கத்தரிக்கோலால் உள்ளே இருக்கிற மணிகளை வெட்டி ஐதாக்குவார். குருவி வலையை அவர் கட்டின கட்டில் ஒரு குருவியும் நுழையவில்லை. சனிக்கிழமைகளில் அக்கா தேவைப்பட்டது சம்பளம், மருந்து, மார்சோவின் சகோதரர்கள் ஆகிய விஷயங்களுக்கு மட்டுந்தான்.

புரட்டாசியில் முதல் விளைச்சல் இறக்கினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பழம் பழம்தான். அதே கிழமையில் அவர்களுக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து நிரந்தர வதிவிடப் பேப்பர் வந்தது. இனிப் பிள்ளையைக் கூப்பிடலாம். லோயர் இரண்டு விஷயம் சொன்னார். துர்க்காவுக்குப் பத்தொன்பது ஆகுமுன், அதாவது அடுத்த ஆடிக்கு முன், விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். தகப்பனுக்கு நிலையான வேலை என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். கோப்பை கழுவி நாலு இடம் மாறினவருக்கு மார்சோவின் கடிதத்தைவிட நல்லது கிடைக்காது. மார்சோவிடம் கேட்டார்கள். சகோதரர்களோடு காணிக்குக் கடைசிக் கையெழுத்து வைக்க மூன்று கிழமை பிரான்சுக்குப் போகிறேன், வந்தவுடன் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறினார்.

அங்கேதான் அண்ணைக்குக் கை துருதுருத்தது.

ஊரில் பழம் இறக்கினால் அடுத்த வேலை கொடி வெட்டுவது. கொடியைக் கொஞ்ச நாள் காயவிட்டு, இலையெல்லாம் உருவி, இரண்டு கணு மூன்று கணு விட்டு ஒட்ட வெட்ட வேண்டும். எருப்போட்டுத் தண்ணீர் கட்டினால் நாள் எண்ணிப் பூக்கும். மார்சோ பங்குனியிலேயே வெட்டை முடித்துவிட்ட பிறகுதான் அண்ணை வேலைக்கு வந்தவர், இங்கே எப்போது வெட்டுவார்கள் என்று அவர் பார்த்ததில்லை. கேட்கவும் இல்லை. முந்திரிகையில் அவர் கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறார். மனிதர் கடிதம் தரப்போகிறார், திரும்பி வரும்போது தோட்டம் துப்புரவாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காத வேலையை அவர் தொடங்கினார். முதல்நாள் கத்தரிக்கோலின் கூர் பார்க்கக் கொட்டிலோரத்து வரிசையில் பத்துக் கொடியை வெட்டினார். பிறகு சரிவின் அடியில், வாய்க்கால் பக்கம் போய், அங்கிருந்து மேலே வெட்டிக்கொண்டு வந்தார். அடி வரிசைகளில் இலை இன்னும் பச்சையாக நின்றது. கையால் உருவி எறிந்தார். மேலே வர வர இலை மஞ்சளாகி, உறைபனி விழுந்து, தானாகவே உதிர்ந்தது. அது வேலையை லேசாக்கியது என்று அவருக்குச் சந்தோஷம். மூன்று கிழமையில், கொட்டிலோரத்து வரிசையின் மிச்சத்தையும் சேர்த்து, பதினாலு வரிசை. நானூற்றிருபது கொடி. வெட்டின தடிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி வரிசைத் தலைப்பில் அடுக்கியிருந்தார். சனிக்கிழமை நாங்கள் போய்ப் பார்த்து, நல்ல வடிவாக இருக்கிறது என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

மார்சோ ஐப்பசியில் வந்தார். கார் கதவைச் சாத்தாமலே வரிசைக்குள் இறங்கினார். அடியிலிருந்து நுனிவரை நடந்தார். ஒரு தடிக்கட்டைத் தூக்கிப் பார்த்து, கீழே வைத்தார். அன்று சனிக்கிழமை, நாங்களும் நின்றோம். அவர் சத்தம் போடவில்லை. அக்காவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் நாலைந்து வசனம் சொன்னார். அக்காவின் முகம் மாறினதை நான் பார்த்தேன்.

இலை உதிரும்வரை கொடி தன் சாப்பாட்டைத் தடிக்குள்ளும் வேருக்குள்ளும் இறக்கும், அந்தச் சாப்பாட்டை வைத்துக்கொண்டுதான் பனியைத் தாங்கும், இவர் அதைப் பாதியில் பறித்துவிட்டார், இந்தக் கொடிகள் மாரிப் பனிக்குள் அம்மணமாகப் போகின்றன என்றாராம். மாசி முடிந்து பனிக்குள் நின்றுதான் இங்கே வெட்டுவார்களாம். இப்போது வேலையிலிருந்து நிற்பாட்ட மாட்டேன். வசந்தத்தில் இந்த நானூற்றிருபதும் செத்திருந்தால் நிற்பாட்டுவேன். பிழைத்திருந்தால்தான் கடிதம், அதுவும் அப்போதுதான் என்றாராம்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டார். அவர் பொய்யாகச் சமாளிக்கிற ஆள் இல்லை, ஆனால் பிழை விட்டேன் என்று உடனே ஒத்துக்கொள்கிற ஆளும் இல்லை.

“இவரிட்டைக் கேளும்,” என்றார். “உழவு மெசினாலை அடியிலை ஒரு சாண் மண் அணைக்கிறவர்தானே. மற்றக் கொடியள் ஆளுயரம், அதுகளை மூடேலாது. நான் வெட்டினதுகள் முழங்கால் உயரந்தான் நிக்குது. முழுசா மூடலாம். வைக்கோல் போட்டு மண்ணாலை மூடிவிட்டால் குளிர் உள்ளை போகாது. மெசினாலை ஏலாது, கையாலைதான் செய்யோணும். நான் செய்யிறன்.”

தரை உறைய மூன்று கிழமைதான் இருக்கிறது, ஒரு ஆள் செய்து முடிகிற வேலையா என்று மார்சோ கேட்டார்.

“ஆர் சொன்னது ஒரு ஆள் எண்டு?” என்றார் அக்கா. இதை அவர் தமிழில் எங்களுக்குச் சொன்னாரா, மார்சோவுக்குப் பிரெஞ்சில் சொன்னாரா என்று நினைவில்லை. இரண்டிலும் சொல்லியிருப்பார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் பார்க்டேலிலிருந்து மூன்று கார் போனது. ஆள் பதினொன்று. ஐந்தாம் மாடி அமிர்தநாதர் மாஸ்டர் உட்பட. அவர் ஊரில் கணிதம் படிப்பித்தவர், மண்வெட்டி பிடித்ததே இல்லை. மார்சோ கொடுத்த நீட்டுப்பிடிச் சவளை எல்லாரும் ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தோம். குனிந்து கொத்தி இழுக்கிற மண்வெட்டிதான் எங்களுக்குக் கைவரும். அண்ணை ஏற்கனவே சவள் தகடுகளை வளைத்துப் பிடி மாட்டி ஆறு மண்வெட்டி செய்து வைத்திருந்தார். முதலில் கொடியைச் சுற்றி வைக்கோல், அதன்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் மண். மிதிக்கக்கூடாது. மிதித்தால் காற்றுப் போய்விடும், மண் ஐஸ்கட்டியாகிக் கொடியைப் பிடித்துவிடும் என்று அண்ணை வரிசை வரிசையாக வந்து எச்சரித்தார். மாஸ்டர் மிதித்தார். அண்ணை அவரை வைக்கோல் தூக்குகிற வேலைக்கு மாற்றினார்.

காற்று வடக்கிலிருந்து அடித்தது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மத்தியானம் அக்கா கொட்டிலுக்குள் புட்டும் சூடான மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தார். மார்சோ கரண்டி வேண்டாம் என்று கையாலேயே குழைத்துச் சாப்பிட்டார். குழைத்த விதம் படு மோசம், சாப்பிட்ட அளவு எங்களில் யாருக்கும் குறைவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தபோதும் நிற்பாட்டவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையில் குனிந்தார். இரண்டாம் சனிக்கிழமை இருட்டுகிற நேரம் கடைசிக் கொடியை மூடினோம். சரிவில் நானூற்றிருபது மண்கும்பி. முதுகை நிமிர்த்த முடியவில்லை, ஆனால் பார்க்க நல்ல சந்தோஷமாக இருந்தது.

அந்த மாரிக் குளிர் சும்மா குளிர் இல்லை. தை மாதத்தில் என் கார் நாலு நாள் ஸ்ரார்ட் எடுக்கவில்லை. பனியும் போதாத அளவுதான் கொட்டியது, கொட்டியிருந்தால் நிலத்துக்குப் போர்வையாக இருந்திருக்கும். அண்ணை ரொறொன்ரோவுக்கு வந்து பழைய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, தொலைக்காட்சியில் காலநிலை சொல்கிற பெண்ணோடு தனியாகச் சண்டை பிடித்தார். அக்கா விண்ணப்பப் பத்திரங்களை நிரப்பி, படம் ஒட்டி, பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். கடிதம் ஒன்றுதான் இல்லை. துர்க்காவுக்கு வந்தவுடன் போட ஒரு தடித்த கோட்டும் வாங்கிவிட்டார். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “என்ரை அளவுதான். ஃபோனிலை குரலைக் கேக்கத் தெரியேல்லையே?” என்றார். கொடி பிழைக்குமா என்று நான் ஒருநாள் வாய்தவறிக் கேட்டபோது மட்டும் எழும்பிப் போய் அடுப்பைத் திருகிவிட்டார். அவருக்குப் பயம் இருந்தது. அதை வெளியே எடுக்க அவர் தயாராக இல்லை.

பங்குனித் தொடக்கத்தில் மார்சோ கூப்பிட்டார். அண்ணை போனார். பிந்தி விழுந்த முழங்கால் பனியில் நின்றுகொண்டு மார்சோ மிச்ச இருபத்தாறு வரிசையையும் வெட்டத் தொடங்கியிருந்தார். பனிக்குள் நின்று கொடி வெட்டுகிற விசரனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அண்ணை முதல்நாள் எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. வெட்டின இடமெல்லாம் உள்ளே கபிலமாக இருக்கிறது, பச்சை இல்லை, கம்பியில் நின்ற கொடியெல்லாம் குளிரில் எரிந்துவிட்டது என்றார். மண்ணை எப்போது திறப்பது என்று மார்சோ இப்போது அவரிடம்தான் கேட்கிறாராம்.

சித்திரை கடைசியில் திறந்தார்கள். கையால்தான், மொட்டு முறியாமல். வைகாசி நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் போனபோது கற்றூண் தாண்டினவுடனே தெரிந்தது. மேலே இருபத்தாறு வரிசையும் காய்ந்த தடி, அடிமண்ணோடு மட்டும் ஏதோ சில துளிர். இந்த வருடம் ஒரு பழமும் வராது. கீழே, அண்ணை வெட்டி நாங்கள் மூடின வரிசைகள் பச்சைப் பசேலென்று விரலளவு தளிரோடு நின்றன. வாய்க்காலோரத்து ஐந்து வரிசைதான் செத்துப் போயிருந்தது. குளிர்காற்று இறங்கித் தேங்குகிற பள்ளம் அது, அதனால்தான் என்று மார்சோ சொன்னார். அயலில் மாடு வளர்க்கிறவர் ஒருவர் வந்து வேலியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மார்சோ அவருக்குக் கையசைத்த விதத்தில் ஐந்து வருடத்து வட்டி இருந்தது.

முற்றத்தில் மேசை போட்டு வெள்ளைத்துணி விரித்திருந்தார். பாண், சீஸ், போன வருடத்து வைன் ஒரு போத்தல். மேசை நடுவில் தட்டச்சு செய்த கடிதம், பறக்காமல் அதன்மேல் பேனை. வருடம் முழுவதும் வேலை, நிரந்தரம் என்று எழுதியிருக்கிறது என்று அக்கா கண்ணால் ஓட்டிவிட்டு எங்களுக்குச் சொன்னார். 

மார்சோ கிளாசை உயர்த்தினார். தான் பிழை, சண்முகநாதன்தான் சரி என்றார். நாற்பது வருடமாகப் பனியில் வெட்டின தன் குடும்பம் இதைக் கேட்டால் சிரிக்கும், சிரிக்கட்டும். இந்தப் புரட்டாசியில் ஆயிரத்திருநூறு கொடியையும் உங்கள் முறைப்படி ஒட்ட வெட்டி மூடப் போகிறோம், ஆட்களை நீங்களே பொறுக்குங்கள் என்றார். அக்கா அதை அப்படியே தமிழில் சொன்னார்.

அண்ணை கிளாசைத் தொடவில்லை.

“இஞ்சேரும், இவர் பிழையா விளங்கிக்கொண்டிட்டார்,” என்றார். “மூடினதுதான் காப்பாத்தினது. வெட்டினது இல்லை. வாய்க்காலோரம் செத்தது பள்ளத்தாலை இல்லை. நான் முதல் வெட்டினது அதுகளைத்தான். பச்சை இலையோடை வெட்டினது. இலை விழுந்தாப்பிறகு வெட்டினது ஒண்டும் சாகேல்லை.”

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் அக்கா. “பள்ளமாயும் இருக்கலாம்தானே.”

“கொட்டிலோரத்திலை பத்துக் கொடி. முதல்நாள் கூர் பாக்க வெட்டினது. அது மேடு. பத்தும் செத்துப்போச்சு, அதே வரிசையிலை பக்கத்திலை நிக்கிறது பச்சை. எல்லாத்தையும்தான் மூடினனாங்கள். நான் நேற்றே பாத்திட்டன்.”

அக்கா சிரித்த முகத்தை மாற்றாமல், மார்சோவைப் பார்த்துக்கொண்டே, தமிழில் பேசினார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“ஆடிக்கு ரெண்டு மாசம் கிடக்கு. இவர் கையெழுத்தை வைக்கட்டும். அடுத்த சனிக்கிழமை வந்து ஆறுதலாச் சொல்லுவம். புரட்டாசிக்கு எவ்வளவு நாள் இருக்கு. ஒரு கொடியும் இண்டைக்குச் சாகப்போறேல்லை.”

“கையெழுத்து வாங்கிப்போட்டுச் சொன்னால் நான் இந்த மனுசனை ஏமாத்தினதாப் போகும். பிறகு நான் மண்ணைப் பற்றிச் சொல்லுறதையும் நம்பமாட்டார்.”

“நம்பாட்டிப் போகட்டும். எனக்குப் பிள்ளை வேணும்.”

“எனக்கும் வேணும், சந்திரா.” அண்ணை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒருதரந்தான். “ஊரிலை இந்தக் குளிர் இல்லை. கொடியை நித்திரையாக்கிறதுக்குக் கத்தி வேணும். இஞ்சை அந்த வேலையைப் பனி செய்யுது. நான் தெரியாமல் பனிக்கு முந்திக் கத்தியை வைச்சுப்போட்டன். அதைச் சொல்லும். நீர் சொல்லாட்டி எனக்கு இவரோடை கதைக்க வேறை வாய் இல்லை.”

மார்சோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ நடக்கிறது என்று மட்டும் அவருக்கு விளங்கியது. அக்கா நினைத்திருந்தால் அந்த இடத்தில் என்னவும் சொல்லியிருக்கலாம். நன்றி என்கிறார், வைன் நன்றாக இருக்கிறது என்கிறார். அண்ணைக்கு விளங்கியிராது. எனக்கும் விளங்கியிராது. சொல்லேன், சொல்லிவிடு அப்படி என்று நானே மனதுக்குள் அவரை உந்தினேன். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா பேசத் தொடங்கினார். நீண்ட நேரம் பேசினார். கையால் வாய்க்காலைக் காட்டினார், கொட்டிலைக் காட்டினார், பத்து விரலையும் விரித்தார். மார்சோவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்க்கொண்டே இருந்தது. அவர் எழும்பிக் கொட்டில் பக்கம் நடந்தார். சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து ஒவ்வொரு கொடியாகத் தோலைச் சுரண்டுவது தெரிந்தது. பத்து முடிந்தது. பதினோராவதையும் சுரண்டினார். பன்னிரண்டாவதையும்.  அக்கா மேசைத்துணியில் விழுந்த பாண் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அண்ணை சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக இருந்தார் மனிதர், தலையைத் தொங்கப் போடவில்லை.

திரும்பி வந்த மார்சோ அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா அண்ணையைப் பார்க்காமல், தானே, ஒரு சின்ன வசனம் பதிலாகச் சொன்னார்.  மார்சோ கதிரையை இழுத்து இருந்து, பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். கத்தி பிடித்த கை, கடிதத்தின் ஓரத்தில் மண் பட்டுவிட்டது. அதை ஊதிப் பார்த்தார், போகவில்லை, அப்படியே அக்காவிடம் நீட்டினார். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பி ஒரேயொரு சொல் கேட்டார். எப்போது வெட்டுவது என்று கேட்கிறார் என்பது மொழிபெயர்ப்பு இல்லாமலே எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

“பங்குனி,” என்றார் அண்ணை. “மூடுறது மட்டும் கார்த்திகை. வளக்கேக்கையே தடியைத் தாழ்வா விடுவம், மடக்கி மூடலாம்.”

வைனைக் குடித்தோம். புளிப்பு. யாரும் அதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அண்ணை அன்றைக்கு எங்களோடு வந்தார். முன்னால் என் பக்கத்தில் அவர், பின்னால் அக்கா, மடியில் கடிதம். நெடுஞ்சாலையில் ஏறினோம். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் மார்சோ என்ன கேட்டவர் என்று கேட்டேன்.

“சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிராது, உம்மடை மனுசன் ஏன் சொன்னவர் எண்டு கேட்டார்,” என்றார் அக்கா.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“அவர் சொல்லாட்டி நான் சொல்லியிருப்பன் எண்டு சொன்னன்.”

அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “பொய்,” என்றார்.

“ஓம், பொய்தான்,” என்றார் அக்கா. “பெத்தவள் நான்.”